அடுப்படியில் நின்ற கால்கள்

சாயங்காலக் கூட்டம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மாவை உருட்டி எண்ணெய் தடவி மூடி வைத்துவிட்டு, பரோட்டாக் கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பாதத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. சால்னா சட்டிதான் சொட்டுகிறது என்று நினைத்துக் காலை ஒரு உதறு உதறினேன். எதிரே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "பாய், ரத்தம்!" என்று கத்தினார்.

குனிந்து பார்த்தேன். கணுக்காலுக்குச் சற்று மேலே, கறுத்துப்போயிருந்த தோலில் ஊசி குத்திய அளவு ஒரு புள்ளி. அதிலிருந்து ரத்தம் மெல்லிய கம்பி மாதிரி பீறிட்டு வந்துகொண்டிருந்தது. வலி துளியும் இல்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. டீ மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ரத்தம் நிற்கவில்லை. இன்னும் வேகமாகத்தான் வந்தது.

பின்பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். வந்தவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல படுங்க."

பெஞ்சில் படுக்க வைத்து, மைதா மூட்டையை இழுத்து அதன்மேல் என் காலைத் தூக்கி வைத்தாள். கட்டை அவிழ்த்துவிட்டு, சுத்தமான துணியை மடித்து அந்தப் புள்ளியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. எனக்கு மேலே மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கல் காய்ந்து புகைகிற வாடை வந்தது. "யாராவது அடுப்பை அணைங்கப்பா" என்று நான் சொன்னதாக அவள் பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

"எப்படித் தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"விரலை வெட்டிக்கிட்டா கையைத் தூக்கிப் பிடிச்சு அமுக்குறோம்ல. கால்னா மட்டும் வேறயா?"

திருவிடைமருதூர் பக்கம், மயிலாடுதுறை போகிற சாலையில் எங்கள் கடை. அதற்கு முன்பு சார்ஜாவில் ஒரு ஓட்டல் அடுப்படியில் இருந்தேன். அந்த அடுப்படிக்கு முதலில் போனவர் என் அண்ணன். பல வருஷம் அங்கே நின்று சமைத்தவருக்கு வலது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது ரத்தக்குழாய். லீவில் வந்தவர் இங்கே ஆபரேஷன் செய்துகொண்டார். அந்தக் காலத்து முறை. தொடை இடுக்கிலும் கணுக்காலிலும் அறுத்து, உள்ளே கம்பி விட்டுக் குழாயையே உருவி எடுப்பார்கள். அவருக்குப் புண் சீழ் பிடித்துவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை. விசா காலாவதியாகிப் போனது. முதலாளி, "உன் தம்பி சமைப்பானா?" என்று போனில் கேட்டார். நான் போனேன். அண்ணன் நின்ற அதே இடத்தில், அதே அடுப்புக்கு முன்னால் நின்றேன். அவருக்கு வந்தது எனக்கும் வந்தது.

அண்ணன் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் நான் என் காலை யாருக்கும் காட்டவில்லை. முழங்காலுக்குப் பின்னால் மண்புழுக்கள் மாதிரி நீலமாகப் புடைத்துக் கிடந்தன. சாயங்காலமானால் கால் ஈயமாகக் கனக்கும். கணுக்கால் பக்கம் அரிப்பெடுத்து, சொறிந்த இடம் புண்ணாகி, ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. பள்ளிவாசல் ஹவுல் தொட்டியில் காலைக் கழுவினால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார், கேட்பார். அதனால் வீட்டிலேயே தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுப் போவேன். மனைவிக்குத் தெரியும். கேட்கும்போதெல்லாம், "நோன்பு முடியட்டும்", "மழைக்காலம் போகட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ரத்தம் பீறிட்டது என் சாக்குகளுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஊர் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "தஞ்சாவூர் போங்க. ரத்தக்குழாய் பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னொரு தடவை உடைஞ்சா பக்கத்துல ஆள் இருக்கணுமே" என்றார்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் மகள் வயதைவிடச் சற்றுத்தான் கூட இருக்கும். படுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். நிற்க வைத்துத்தான் ஸ்கேன் பார்த்தார். நிற்கும்போதுதான் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சரியாகத் தெரியுமாம். காலில் பசை தடவி அந்தக் கருவியை வைத்து, கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டார். திரையில் ஏறிய ரத்தம், கையை எடுத்ததும் அப்படியே கீழே இறங்கியது.

"கால்ல இருந்து ரத்தம் மேல ஏறணும். அதுக்கு வழியெல்லாம் சின்னச் சின்னக் கதவு இருக்கு. ஏறினது இறங்காம அது மூடிக்கணும். உங்களுக்கு அது மூடலை."

"மோட்டார்ல புட்வால்வு போன மாதிரியாம்மா?" என்றாள் என் மனைவி. அவள் வீட்டில் விவசாயம். புட்வால்வு கெட்டுப்போனால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். இனிமே நானும் இப்படியே சொல்றேன்."

பிறகு என்னென்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார். உருவி எடுக்கிற ஆபரேஷன் இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. முழங்கால் பக்கம் ஊசி போட்டு, அதன் வழியாக மெல்லிய இழை ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, லேசர் சூட்டில் உள்ளேயே ஒட்டி மூடிவிடலாம். ரேடியோ அலைச் சூட்டிலும் செய்யலாம், பசை வைத்து ஒட்டுகிற முறையும் உண்டு. கீழே இருக்கும் சின்னக் குழாய்களுக்கு மருந்தை நுரையாக்கி ஊசியில் செலுத்துவார்கள். எதுவும் வேண்டாமென்றால் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு இருக்கலாம். ஆனால் புண் இருக்கிற காலுக்கு அது மட்டும் போதாது. எனக்கு லேசரும், பிறகு நுரை ஊசியும் சரியாக வரும் என்றார்.

மனைவிதான் கேட்டாள்.

"அந்தக் குழாயை மூடிட்டா ரத்தம் எந்த வழியா போகும் டாக்டர்?"

"ரத்தம் முக்காவாசி உள்ளே ஆழத்துல இருக்கிற பெரிய குழாய் வழியாத்தான் போகுது. அது இவருக்கு நல்லா இருக்கு, பார்த்துட்டேன். இந்த மேல் குழாய் இப்ப உதவி செய்யலை, உபத்திரவம்தான் பண்ணுது."

"மயக்க மருந்து?" என்று நான் வாயைத் திறந்தேன்.

"கால்ல மட்டும் மரத்துப்போக ஊசி. நீங்க என்கூடப் பேசிக்கிட்டே இருக்கலாம். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்."

நடந்து போகலாம் என்பதை நான் நம்பவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளிடம் அதைத்தான் சொன்னேன். "அண்ணனுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

"மச்சானையே கேப்போம்" என்றாள் அவள். என் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அண்ணன் மறுநாளே வந்துவிட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் தடுப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், தடுத்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, புடைத்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ஏன்டா சொல்லலை?"

"நீங்க பட்டதைப் பார்த்தேனே அண்ணே."

"நான் பட்டது எனக்கு. உனக்கு வேற வழி இருக்குல்ல? போயிட்டு வருவோம். நானும் வர்றேன்."

குறித்த நாளில் மூன்று பேரும் போனோம். என்னை நிற்க வைத்து, காலில் புடைத்த இடமெல்லாம் மார்க்கரால் கோடு போட்டார் டாக்டர். படுத்த பிறகு, லேசர் வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முதல் ஊசிகள் சுருக்கென்று குத்தின. பிறகு தொடை நெடுகக் குளிர்ந்த தண்ணீர் ஏறுவது போல் இருந்தது. மரத்துப்போகும் மருந்து அது. பக்கத்துச் சதைக்குச் சூடு படாமலும் காக்குமாம். லேசரைப் போட்டதும் ஒரு இயந்திரம் பீப், பீப் என்று அடித்தது. டாக்டர் இழையை மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வந்தார்.

"பரோட்டா எப்படிங்க அவ்வளவு மெத்துன்னு வருது?" என்று கேட்டார்.

நான் மாவு ஊறவைக்கிறதிலிருந்து ஆரம்பித்தேன். பிசைகிற பக்குவம், எண்ணெய், வீசுகிற விதம், சுட்ட பிறகு அடுக்கி வைத்து இரண்டு கையாலும் தட்டுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். தட்டுவதைச் சொல்லும்போது கையைத் தூக்கப் போய், "கையை ஆட்டாதீங்க" என்று நர்ஸிடம் திட்டு வாங்கினேன். ஒருமுறை முழங்கால் பக்கம் சுள்ளென்று சூடு தெரிந்தது. சொன்னதும் அங்கே இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார்கள். வேறு வலி இல்லை. நான் சால்னாவுக்கு வருவதற்குள், "முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

தையல் இல்லை. ஊசி நுழைந்த இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்திரி. கால் முழுக்கக் கட்டு, அதற்கு மேல் இறுக்கமான காலுறை. "இறங்குங்க, வராந்தாவுல நடங்க" என்றார்.

இறங்கினேன். மனைவி கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கால் மரத்திருந்ததால் வேறு யாருடைய காலையோ வைத்து நடப்பது போல் இருந்தது, ஆனாலும் நடந்தேன். வராந்தாக் கோடியில் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் அண்ணே."

"எனக்கு நடக்கவே மூணு மாசம் ஆச்சு." தன் வலது காலைத் தடவிக்கொண்டே, "இது அப்ப இருந்திருந்தா நான் திரும்பப் போயிருப்பேன்" என்றார்.

அவர் திரும்பப் போயிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். என் வீடு, கடை, மகள் படிப்பு எல்லாம் அந்த அடுப்படியிலிருந்து வந்தவை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உட்காராதடா, டாக்டர் நடக்கச் சொன்னாங்க" என்று என்னை எழுப்பிவிட்டு, தானும் எழுந்து என்னோடு நடந்தார். அந்த வராந்தாவில் நாங்கள் இருவரும் போவதும் வருவதுமாக இருந்தோம். அவர் நடை எப்போதும்போல ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

அடுத்த வாரம் தொடையில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. உள்ளே ஒரு கயிற்றைப் பிடித்து இழுப்பது போன்ற வலி. மூடிய குழாய் சுருங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெயில் காலத்தில் அந்தக் காலுறைதான் பெரிய சோதனை. காலையில் அதை மாட்டுவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிடும். பிற்பாடு இரண்டு தடவை நுரை ஊசி போட்டுக்கொண்டேன். புண்ணின் ஓரம் சுருங்கி, பொருக்குத் தட்டி, ஒருநாள் உதிர்ந்தது. அதன் பிறகு திறக்கவில்லை. கறுத்த தோல் அப்படியேதான் இருக்கிறது. அது முழுக்கப் போகாது என்றார் டாக்டர். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நடக்கலாம் என்பது அவர் போட்ட கட்டளை. கல்லுக்கு இப்போது வேறு மாஸ்டர். நான் மேஜைக்கு மேஜை பரிமாறுகிறேன்.

அண்ணனின் இடது காலிலும் புடைப்பு உண்டு என்று அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. போன மாதம் அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போனோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, லேசருக்குத் தயாராகவே வந்திருந்தார். டாக்டர் நிற்க வைத்து ஸ்கேன் பார்த்தார். அமுக்கினார், விட்டார், மறுபடி பார்த்தார்.

"மேல் குழாய்ல கதவெல்லாம் நல்லா மூடுதுங்க, புடைச்சிருக்கிறது சின்னக் குழாய்தான். லேசர் தேவையே இல்லை. காலுறை போடுங்க, தினமும் நடங்க, போதும்."

அண்ணன் நம்பாமல் திரையை எட்டிப் பார்த்தார். "நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்?"

"நல்லாப் பார்த்துட்டேன் ஐயா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. பாபநாசம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சூடு தெரிஞ்சுதுன்னியே, ரொம்ப வலிச்சுதா?"

"சுள்ளுன்னு ஒரு தடவை. அவ்வளவுதான்."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், பையிலிருந்து புதுக் காலுறை டப்பாவை எடுத்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.