தூசி துடைக்காத இரும்புப் பெட்டி

ஈப்போவில் ஒரு நீதிபதி வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். சுல்தான் பட்டம் கொடுத்தவர் என்பதால் அவரை டத்தோ என்றும் அவர் மனைவியை டத்தின் என்றும் கூப்பிடுவோம். கூட்டுவேன், துடைப்பேன், துணி மடிப்பேன். வீட்டுச் சாவி என்னிடமும் ஒன்று உண்டு. இதுவரை ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை.

போன வருடம் அவர் அறையில் ஒரு இரும்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. நம்பர் அமுக்கித் திறக்கிற பெட்டி.

"என்ன டத்தின் இது?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"டத்தோவுக்குக் கைத்துப்பாக்கி. ஏதோ மிரட்டல் வந்துச்சு. வெளிய சொல்லிடாதீங்க லா அக்கா."

"லைசன்ஸு?"

"ரெண்டு வாரத்துல குடுத்துட்டாங்க. ஜட்ஜுங்களுக்குத் தனி வரிசையாம்."

என் தம்பி கோப்பெங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் மரவள்ளி போட்டிருக்கிறான். காட்டுப்பன்றி தோண்டித் தள்ளுகிறது. வேட்டைத் துப்பாக்கிக்கு எழுதிப்போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போய்க் கேட்டால், பார்க்கிறோம் என்கிறார்கள்.

வெளியே சொல்லாதே என்றதை அவனிடம் மட்டும் சொன்னேன். போனில் சிரித்தான்.

"பன்னிகிட்ட ஒரு மிரட்டல் லெட்டர் எழுதி வாங்கிட்டு வாரேன் அக்கா. எனக்கும் ரெண்டு வாரத்துல கெடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டத்தோ அந்தத் துப்பாக்கியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே வாசலில் போலீஸ் நிற்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்குத் துப்பாக்கி இல்லை. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற ஆளுக்கும் இல்லை, அவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். மிரட்டியவன் வீட்டைத் தேடி வந்தால் பகலில் இருப்பது நான். நானும் அந்தப் பெட்டியும். யாருக்கு ஆபத்து என்பதை யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்களோ, தெரியவில்லை.

அன்றிலிருந்து பெட்டியைத் தொடவில்லை. அறை முழுக்கத் துடைப்பேன், அதை விட்டுவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து டத்தின் அதன்மேல் விரலால் கோடு இழுத்தார்.

"என்னக்கா, கோலமே போடலாம் போல இருக்கு?"

"அதை நான் தொட மாட்டேன்."

"ஏன், கடிக்குமா?"

"என் கைரேகை அதுல வேணாம் டத்தின்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை டத்தோ கூப்பிட்டார். கையில் பேப்பர்.

"ஒன்பது வருஷமா இருக்கீங்க. எங்கமேல நம்பிக்கை இல்லையா?"

"அது காணாமப் போனா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க டத்தோ?"

கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களைத்தான்," என்றார்.

பொய் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது. சாவியை மேசைமேல் வைத்தேன்.

"இதை வாங்கிக்குங்க. நான் வேலைய விட்டுர்றேன்."

அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். மறுவாரம் அந்த அறைக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. அதன் சாவி அவர் பாக்கெட்டில் இருக்கிறது. அந்த அறைக்குள் நான் போவதில்லை. உள்ளே எவ்வளவு தூசியோ.

தம்பிக்கு இன்னும் பதில் இல்லை. ராத்திரியில் தகரத்தைத் தட்டிப் பன்றி விரட்டுகிறான்.

இப்போது வேலை முடிந்து கிளம்பும்போது, வாசலில் நின்று என் பையை நானே திறந்து காட்டுகிறேன்.

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்?" என்பார் டத்தின்.

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்ப்பார்.