மூழ்காத கலயம்

நேற்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூடி இறுகிப்போய்த் திறக்க வராத ஒரு பிளாஸ்டிக் டப்பா. தண்ணீருக்குள் அழுத்திக் கையை எடுத்தால் துள்ளி மேலே வந்தது. மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் வந்தது. அப்புறம் குழாயை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயது ஆள் ஒரு டப்பாவுக்கு முன்னால் அழுவதை நீங்கள் பார்க்காதது நல்லது.

என் தங்கை மாலு பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். முப்பது வருடங்களுக்கு முன்பு கிள்ளான் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: லோரி ஓட்டும் அப்பா, மாலு, நான். அம்மா முன்பே இறந்துவிட்டார். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. திரவங்களைப் பற்றிய பாடத்தில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டைவிட்டவன். மாலுதான் என் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வாள். வாயில் எப்போதும் முறுக்கு. நோட்டில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்று நான் ஒப்பித்த அன்று, என் தொப்பையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ணே, ஒன்ன ஆத்துல தள்ளிவிட்டா கிள்ளான் முழுக்க வெள்ளம்தான் லா!"

பதினெட்டு வயதில் டிங்கிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஐந்தே நாள்.

அஸ்தி கரைக்கப் படகில் போனோம். டீசல் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்த காலை. மண் கலயத்தின் வாயைச் சிவப்புத் துணியால் இறுகக் கட்டியது நான்தான். அப்பா அதைக் கடலில் விட்டார். அது மூழ்கவில்லை. கையால் அழுத்தினார், மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வந்து படகை ஒட்டியே மிதந்தது.

"போக மாட்டேங்குதுடா," என்றார் அப்பா. "எம்புள்ள நம்மள விட்டுப் போக மாட்டேங்குது."

மாலு போன இரண்டு நாளில் முதன்முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் பரீட்சை. மண்டை முழுக்க அதே பாடம்.

"இல்லப்பா, உள்ள காத்து மாட்டிக்கிச்சு. நனைஞ்ச துணி காத்த வெளிய விடாது. கலயத்தோட எடையவிட, அமுக்கினா அது தள்ளுற தண்ணியோட எடை ஜாஸ்தி. உப்புத் தண்ணி வேற, இன்னும் தூக்கும். ஓட்டை போட்டா போயிரும்."

படகுக்காரர் ஒரு கம்பை நீட்டினார். கலயத்தைச் சாய்த்து நானே துணியில் குத்தினேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது, கலயம் இறங்கியது. அப்பா தண்ணீரைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த கம்பையே பார்த்தார்.

"படிச்சவன், சரியாத்தான் சொல்லுவே."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பரீட்சையில் மிதப்பு பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரிடமிருந்து மாலுவை இரண்டாம் முறை பிடுங்கியது நான்தான் என்று புரியவே எனக்குப் பல வருடங்கள் ஆயின.

போன வருடம் அப்பாவின் அஸ்திக் கலயத்தோடு அதே கடலுக்குப் போனேன். துணியை அதேபோல் இறுகக் கட்டினேன். விட்டதும் மிதந்தது.

"பாஸ், குத்தி விடவா? சீக்கிரம் போயிரும்," என்றார் படகுக்காரர்.

"வேணாம்ணே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

காற்று, எடை, உப்புத் தண்ணீர் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்பா போக மாட்டேன் என்கிறார் என்றுதான் நம்பினேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி என்று அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். படகில் படகுக்காரரைத் தவிர யாரும் இல்லை.