ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒரு ஜன்னல்

2004 ஜனவரி. திருவனந்தபுரத்தில் மழை முழுசாக விட்டு, வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அவசர அவசரமாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த மாதம். நான் ஆர்க்கிடெக்சர் முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கழக்கூட்டத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை, பக்கத்திலேயே நண்பர்களோடு வாடகை ஃப்ளாட். தலைக்குள் மட்டும் ஒரே ஒரு பைத்தியம்: வர்ச்சுவல் ரியாலிட்டி.

ஃப்ளாட் நண்பன் ஒருவன் அங்கே ஐ.டி. பார்க்கில் வேலை பார்த்தான். அவன் கம்பெனியில் ஏதோ பயிற்சி வேலைக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் வாங்கியிருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் இரண்டு குட்டித் திரை, பின்னால் வால் மாதிரி தடித்த கேபிள். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும், அரை நொடி தாமதமாக. கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் முன்னால் நடக்கலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் போட்டால் குமட்டும். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம், சுவரைக் கட்டி இடிக்காமல் கம்ப்யூட்டரிலேயே நகர்த்தலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்பவர்கள் டீயை முடித்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

அப்போதுதான் என் கைக்கு முதல் வீடு வந்தது. சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம். ஆரியசாலையில் சரக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இரண்டு அறையில் இருந்தவர்கள், கரமனைப் பக்கம் மனை வாங்கியிருந்தார்கள். மகளுக்கு முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த போலியோவால் வீல்சேர். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, இத்தனை வருஷமா நான் மூட்டையத்தான் பாத்துட்டிருக்கேன். ரோட்டப் பாத்த மாதிரி ஒரு ஜன்னல் வேணும், கேட்டேளா."

சாய்தளம், அகலமான கதவு, குளியலறைக் கைப்பிடி என்று புத்தகத்தில் படித்த அத்தனையும் வரைந்தேன். ஜன்னல் விஷயத்தில் மட்டும் அவருடைய அப்பா, ரோட்டில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்றார். வரைபடத்தில் ஜன்னலுக்குக் கீழே வரும் சுவரை நாலடிக்கு ஏற்றினேன். ஹெல்மெட்டைப் போட்டு நானே நின்று பார்த்தேன். ரோடு, வேலி, எதிர்வீட்டுப் பலாமரம் எல்லாம் தெரிந்தது. திருப்தி.

ஒரு சனிக்கிழமை அப்பாவையும் மகளையும் நண்பனின் ஆபீசுக்கு வரச் சொன்னேன். வாசலில் சாய்தளம், உள்ளே லிஃப்ட். அக்கா தானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, "யாரும் தூக்காம நான் வந்த முதல் மாடி இதாக்கும்" என்று சிரித்தார்.

முதலில் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வாசற்படி வந்ததும் அந்தப் பெரிய மனிதர் குனிந்து செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி அந்தரத்தில் எடுத்து வைத்தார். நண்பன் மட்டும் பிடிக்காவிட்டால் மேஜைமேல் சாய்ந்திருப்பார். "அப்பா, பாலும் காய்ச்சிரலாமா?" என்று அக்கா கேட்டார். ஆபீஸே சிரித்தது.

அடுத்து அக்கா. அவருடைய அறைக்குள் பொத்தானை அழுத்திக்கொண்டு போனார். ஜன்னல் முன்னால் நின்றார். நின்றார் என்றுதான் எனக்கும் எழுத வருகிறது. தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு, "அப்பா, ரோடு முழுசும் தெரியுது" என்றார். அப்பா வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செரி, திங்கக்கிழமை அந்தச் சொவர ஏத்திரச் சொல்லுதேன்" என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க எவ்வளவு உயரம்?"

"அஞ்சடி பத்து. ஏன்க்கா?"

"அப்போ செரி. அன்னைக்கு நான் பாத்தது உங்க கண்ணால. நேத்து ராத்திரி டேப்பு வச்சு அளந்து பாத்தேன். சேர்ல உக்காந்தா என் கண்ணு தரையிலேந்து மூணடி ஒம்பது இஞ்சு. நீங்க சொவரு போட்டிருக்கது நாலடி. கணக்கு டீச்சர்ட்ட போய் இப்படியா?"

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா…"

"அப்பா கண்ணு கலங்கி நிக்காரு. அதுவுமில்லாம…" கொஞ்சம் நிறுத்தினார். "பத்து நிமிஷம் நானும் உயரமா நின்னு பாத்துக்கலாமேன்னு தோணிச்சு. அந்த வீடு நல்ல வீடுதான் தம்பி. நீங்களே வாடகைக்கு வந்துருங்க."

அப்போதே நேராகக் கரமனைக்கு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. கம்ப்யூட்டர் தப்புக் காட்டாது என்ற திமிர். நண்பனை இழுத்துக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். பார்க்கிறவரின் கண் உயரம் என்ற இடத்தில் ஐந்தடி ஐந்து அங்குலம். முதல் நாள் விளையாட்டாக நானே என்னை அளந்து போட்ட எண். யார் தலையில் மாட்டினாலும் அத்தனை பேரும் என் உயரத்தில்தான் நடந்திருக்கிறார்கள்.

மூன்றடி ஒன்பது என்று மாற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் போட்டேன். நான் வரைந்த அறைதான். ஜன்னலுக்குப் போனேன். முகத்துக்கு நேரே சுவர். மேலே ஒரு துண்டு வானம், பலாமரத்தின் உச்சிக் கிளை. ரோடு இல்லை. திரும்பினால் லைட் சுவிட்சுகள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

பஸ் பிடித்துக் கரமனை போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. தென்காசிப் பக்கத்துக் கொத்தனார் நாலடிக்குச் சுவரை ஏற்றிவிட்டு ஜன்னல் நிலையைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நிறுத்தச் சொன்னேன். "ரெண்டு மணி நேரம் முன்னால வந்திருக்கப்படாதா சார்? இன்னும் கொஞ்சம் விட்டா சாந்து பிடிச்சிருக்கும், ஒடச்சுத்தான் எடுக்கணும்" என்று கடிந்துகொண்டே ஈரச் செங்கல்லை ஒவ்வொரு வரியாகக் கழற்றினார். நானும் கை கொடுத்தேன்.

போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், மத்தியானம் அப்பாவும் மகளும் ஆட்டோவில் வந்தார்கள். மணலில் பலகை போட்டு வீல்சேரை உள்ளே கொண்டுவந்து, மேஜை வரப்போகும் இடத்தில் நிறுத்தினோம். கொத்தனார் நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து இறக்கிக்கொண்டே வந்தார். "இது மதியாம்மா?" "இன்னும் கொஞ்சம்." "இது?" "ம்… மதி, போதும். நிறுத்துங்க." இரண்டரை அடி. நான் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை.

அப்பாவுக்கு மட்டும் தயக்கம் போகவில்லை. "மக்கா, ரோட்டுல போறவன்லாம் உள்ள பாப்பானே?"

"பாக்கட்டும்ப்பா. நானும் அவங்களப் பாப்பேன் அல்லே?"

அவர் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கொத்தனார் கையில் கொடுத்தார்.

கிளம்பும்போது அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வீட்ட என் உயரத்துல கட்டுங்க தம்பி. அந்த ஹெல்மெட்டுல மட்டும் இன்னொரு தடவ உங்க உயரத்துல காட்டுங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை காட்டினேன். இந்தத் தடவை அவர் ஜன்னலை விட்டுவிட்டு, பொத்தானை அழுத்தியபடி வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

இப்போது எனக்குச் சொந்தமாகவே ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. வீடு கட்ட வருகிறவர்களிடம் படம் காட்டுவதற்கு முன்னால், அவர்கள் வழக்கமாக உட்கார்கிற மாதிரி உட்காரச் சொல்லிக் கண் வரைக்கும் டேப் பிடிக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். கரமனை வழியாகப் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலிலிருந்து ஒரு கை அசைகிறது; நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த எதிர்காலத்தை, ஒரு இன்ச் டேப்பை வைத்துச் சரிபார்த்துக் கொடுத்த கை அது.