அந்தோணியாருக்கு எடுத்துவைத்த தோடு

லீமாரோஸ் காலையில் பாம்பன் பக்கத்து நண்டுக் கம்பெனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பாள். பிற்பகலில் அகதிகளுக்காக அலைவாள். இரண்டிலும் கைதான் புண்ணாகிறது என்பாள். சின்ன மனித உரிமை அமைப்பு ஒன்று அவளுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்திருந்தது. காவல் நிலையத்தில் அதைக் காட்டினால் உட்காரச் சொல்ல மாட்டார்கள். வெளியே போகவும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் அதன் மதிப்பு.

இலங்கையிலிருந்து தப்பி வருகிறவர்களை அக்கரைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் ஏதாவது ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடிக்கத் தண்ணீரோ ஒதுங்க நிழலோ இல்லாத இடம். உறவுக்காரர்கள் யாராவது லீமாரோஸுக்குப் போன் போடுவார்கள். அவள் அதிகாரிகளுக்குச் சொல்வாள். யார் போய் அழைத்துவருவது என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

அன்றும் அப்படித்தான். உச்சிவேளை ஆகியும் யாரும் போகவில்லை. திட்டில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும். லீமாரோஸ் தன் தெருவில் நாட்டுப்படகு வைத்திருக்கும் சகாயவினோத்தைக் கூப்பிட்டாள்.

“ஏலே வினோத்து, கைப்புள்ள ஒண்ணு இருக்காம்லே.”

“போலீசு என்னயப் புடிப்பானே அக்கா.”

“புடிச்சா நான் வாரேன்.”

“நீ வந்து? பக்கத்துல ஒக்காந்து செபமாலை சொல்லுவியாக்கும்?” சிரித்துக்கொண்டே போனான். மூவரையும் கரையில் இறக்கி, அவனே கடலோரக் காவல் நிலையத்துக்கும் தகவல் சொன்னான்.

கரையில் இறங்கியதும் அந்தப் பெண், ஜெயசுதா, ஒரு காதுத் தோட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அவன் மறுக்கவில்லை. கடலில் தப்பியவர் உடம்பில் கிடந்த ஏதாவது ஒன்றை அந்தோணியாருக்குக் கொடுப்பதும், காப்பாற்றியவனே அதைக் கோயிலில் சேர்ப்பதும் அக்கரையிலும் இக்கரையிலும் உள்ள வழக்கம். அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமைதான் விசேஷம். தோட்டைத் துணியில் முடிந்து படகின் முன்பலகைக்கு அடியில் வைத்தான்.

திங்கட்கிழமை போலீசார் படகைச் சோதித்தார்கள். தோடு கிடைத்தது. கூலி வாங்கிக்கொண்டு ஆள் கடத்தினான் என்று வழக்கு.

“சாமிக்குக் குடுத்தது ஒன் படகுல எதுக்குடா இருக்கு?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“செவ்வாக்கெழமை இன்னும் வரல சார்.”

நிலையமே சிரித்தது. வினோத் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

எல்லாம் ஜெயசுதாவின் வாக்குமூலத்தில் வந்து நின்றது. அவன்தான் பேரம் பேசித் தோட்டை வாங்கினான் என்று கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளோடு அகதி முகாமுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அனுமதியின்றி நுழைந்த குற்றத்துக்குச் சிறை. பிள்ளைகளைப் பிரித்து ஒரு காப்பகத்தில் வைப்பார்களாம். அகதிக்கென்று ஒரு சட்டம் இல்லாத நாட்டில் அதிகாரி சொல்வதெல்லாம் சட்டம்.

நிலையத்துக்கு வெளியே வினோத்தின் மனைவி பிரெசில்லா, லீமாரோஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “உண்மையைத்தான சொல்லச் சொல்றோம். சொல்லச் சொல்லுக்கா.”

உள்ளே ஜெயசுதா மடியில் கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். லீமாரோஸ் இரண்டு பக்கமும் நடக்கக்கூடியதைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, வக்கீல் வரும்வரை வாயே திறக்காமல் இருக்கலாம் என்பதையும் சொன்னாள்.

“வக்கீல் எப்ப வருவார் அக்கா?”

“நாளைக்கு. வந்தாலும் உள்ள விடுவாகளான்னு தெரியாது.”

“அந்த அண்ணன் இல்லையெண்டால் என்ர பிள்ளையள் செத்திருக்கும். நீங்களெண்டால் என்ன செய்வியள்?”

உண்மை எல்லோருக்கும் பொது என்கிறோம். அதற்கு ஆகும் செலவை மட்டும் எப்போதும் யாரோ ஒருவர் தலையில் கட்டிவிடுகிறோம். லீமாரோஸுக்கு இவ்வளவு கோவையாக யோசிக்கத் தெம்பில்லை. தூங்கும் மூத்தவளைப் பார்த்தாள். ‘உண்மையைச் சொல்லு’ என்று வாய்வரை வந்தது.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள்.

ஜெயசுதா கையெழுத்துப் போட்டாள். அழுதுகொண்டே போடவில்லை, சீக்கிரமாகப் போட்டாள்.

வெளியே வந்ததும் பிரெசில்லா மறுபடி முந்தானையைப் பிடித்தாள். நடந்ததைச் சொன்னதும் விட்டாள். “நீ எங்க ஊருப் பொம்பளயா, அவுக ஊருப் பொம்பளயா?” என்றாள். பஸ்ஸில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

லீமாரோஸ் மறுநாளிலிருந்து ஜாமீனுக்கு அலைந்தாள். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார் வக்கீல். தெருவில் எல்லோரும் உண்டு என்றார்கள். ஒருவரும் எழுதித் தரவில்லை. எழுதிக்கொடுத்தால் மீன்துறைக்காரன் கடலுக்குப் போக டோக்கன் தர மாட்டானே என்றார் ஒருவர். அதுவும் நியாயமான பயம்தான்.

கடைசியில் ஜாமீன் கிடைத்தது. படகு கிடைக்கவில்லை, அது நிலையத்துக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. வினோத் இளைத்துப்போய் வந்தான். லீமாரோஸ் அவன் வீட்டு வாசலில் திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

“அந்தப் பொண்ண முகாமுக்கு அனுப்பிட்டாகளா?”

“அனுப்பிட்டாக.”

“ரெண்டு புள்ளைகளையுமா?”

“ஆமாலே.”

“அப்பச் சரி. ஆனா அக்கா, இனிமே எனக்குப் போன் போடாத. போட்டா நான் போயிருவேன்.”

அவள் சரி என்றாள். அந்தத் தெருவில் அவனைவிட்டால் போகக்கூடியவர் யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். உள்ளேயிருந்து பிரெசில்லா கதவைச் சாத்தினாள்.