நாலாவதாக வந்துகொண்டிருந்தவர்

என் கணவர் கார் ரேஸ் ஓட்டுபவர் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபர்ஸ்ட் வந்தாரா?" என்பதுதான். ஆறாவதாக வந்தார் என்பேன். "பரவால்ல, அடுத்த வாட்டி வந்துடுவாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். முன்னால் போகிற அணிகளின் வண்டி வேறு, எங்கள் அணியின் வண்டி வேறு. இந்த வண்டியை வைத்துக்கொண்டு ஆறாவதாக வருவது லேசுப்பட்ட விஷயமில்லை. வேறு யார் ஓட்டினாலும் பத்துக்கு வெளியேதான் நிற்பார்கள் என்றெல்லாம். சாம்பார் வாளி பக்கத்தில் வரும் நேரத்தில் இதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிறகு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே, "அடுத்த வாட்டி வந்துடுவாருங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ரேஸ் வட்டாரத்தில் அவரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவனுக்குத் தலைவலி. வழி விடமாட்டார், இடிக்கவும் மாட்டார். மற்றவர்கள் பாதி ரேஸிலேயே டயரைத் தேய்த்துவிட்டுத் திணறும்போது இவர் டயரில் கடைசிச் சுற்று வரைக்கும் பிடிமானம் மிச்சமிருக்கும். அதே மனிதர், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எங்கள் பழைய காரை ஓட்டும்போது ஸ்கூட்டருக்கு, ஷேர் ஆட்டோவுக்கு, மெட்ரோ வேலைக்குக் கம்பி ஏற்றிவரும் லாரிக்கு என்று எல்லாருக்கும் வழி விடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் ஆத்திரம் வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவருக்குக் கோபமே வராது. இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

போன சீசனின் நடுவில் சீட் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. அணிக்கு இரண்டு வண்டிகள், ஆகவே இரண்டு சீட்டுகள். ஒன்றில் கோப்பை வாங்குகிறவர் இருந்தார். அதை யாரும் அசைக்க முடியாது. இன்னொன்று என் கணவருடையது. அதற்கு ஒரு புதுப் பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. பையன் அடிக்கடி வண்டியை இடித்துவிடுகிறானாம், ஆனால் இடிக்காத அன்றைக்கு மூன்றாவதாக வருகிறானாம். என் கணவருக்கு முப்பது தாண்டிவிட்டது. இந்த அணி விட்டால் வேறு அணி எடுக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசி ரேஸுக்கு முந்தின வாரம் அணியின் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "இதுல மட்டும் முதல் அஞ்சு பேருக்குள்ள வந்துடு. உன் சீட்டைப் பத்தி அப்புறம் யாரும் வாயத் திறக்க முடியாது" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

என் மாமியார் வீடு ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். மாமனாருக்கு அங்கே வேலை. ஒவ்வொரு ரேஸுக்கும் முந்தின நாள் என் கணவர் ஹெல்மெட்டைக் கொண்டுபோய் அங்கே கொடுக்க வேண்டும். அத்தை அதைச் சாமி அலமாரியில் விளக்கைப் பார்த்தபடி வைப்பார். மறுநாள் காலையில் அம்மன் கோயில் குங்குமத்தை ஹெல்மெட்டின் நெற்றியில் பெரிதாக இட்டுக் கொடுப்பார். பிள்ளையின் நெற்றியிலும் ஹெல்மெட்டின் நெற்றியிலும் ஒரே அளவுப் பொட்டு. என் கணவர் அதை வாங்கிக்கொண்டு ட்ராக்குக்குப் போய், வண்டி நிறுத்தும் கொட்டகையில் முதல் வேலையாக ஹெல்மெட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். நெற்றிப் பகுதியில் விளம்பரம் கொடுக்கும் கம்பெனியின் பெயர் ஒட்டியிருக்கும். அது மறைந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. துடைக்கும்போது ஒரு தடவை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்வார். அத்தைக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசி ரேஸ் அன்று நல்ல வெயில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் அந்த ட்ராக்கில் நிழல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தேன். எட்டாவதாகக் கிளம்பினார். ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து நாலாவதாக வந்துவிட்டார். அவர் ஓட்டி நான் பார்த்ததிலேயே அதுதான் நல்ல ஓட்டம். பின்னால் இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டே வந்தன. இடதுபக்கம் முண்டினால் இடதுபக்கம், வலதுபக்கம் முண்டினால் வலதுபக்கம் என்று மூடிக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், "யாருங்க அது, செமையா ஓட்டறாரு" என்றார். ட்ராக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், என் வீட்டுக்காரர் என்றேன்.

முடிய இன்னும் சில சுற்றுகளே இருந்தன. நேர்ப் பாதை முடிந்து கூர்மையாகத் திரும்பும் இடம். மற்ற வண்டிகள் எல்லாம் வேகம் குறைத்துத் திரும்பின. அவர் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் மணலில் இறங்கிப் புதைந்து நின்றது. யாரும் இடிக்கவில்லை. எதுவும் உடையவில்லை. சாதாரணமாக ஒருவர் பஸ் நிறுத்தத்தைத் தவறவிடுவதைப் போல அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார், அவ்வளவுதான்.

நான் கொட்டகைக்கு ஓடியபோது அவருடைய மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சென்னையில் பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், பல வருடங்களாக அவர் வண்டியை மட்டுமே பார்ப்பவர். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னா அண்ணி இது, ஒண்ணுமே பிரியல. வண்டி சோக்காத்தான் கீது. பிரேக்கு காலைல நானே என் கையால பாத்தேன். அண்ணாத்தே தப்பு பண்ற ஆளா? கண்ணு வேற செவசெவன்னு கீது. கேட்டா தூசின்றாரு."

என் கணவர் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. பையைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்.

மறுநாள் அவருடைய ரேஸ் துணிகளைத் துவைக்க எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் வெள்ளைத் துணி முகமூடி ஒன்று உண்டு. தீப்பிடிக்காத துணியில் தைத்தது, கண்ணுக்கு மட்டும் திறப்பு இருக்கும். அது கழற்றிய வேகத்திலேயே சுருட்டிப் பைக்குள் கிடந்தது. பக்கெட் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் சிவப்பாகிவிட்டது. ரத்தம் என்று பதறி, "என்னங்க!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்தார். பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ரத்தம் இல்ல. குங்குமம்" என்றார்.

ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நெற்றிப் பக்கத்து உள் பஞ்சைத் தூக்கிக் காட்டினார். அதற்கு அடியில் ஒரு கை குங்குமம் வைத்து அமுக்கியிருந்தது தெரிந்தது. பாதிக்கு மேல் கரைந்துபோய் மிச்சம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. வெயிலில் வியர்வை ஊற, துணியைத் தாண்டிப் புருவத்தில் இறங்கி, அந்தத் திருப்பத்துக்கு முன்னால் சரியாகக் கண்ணுக்குள் போயிருக்கிறது. குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்குமே. ஒரு கண் எரிந்தால் இரண்டு கண்ணும்தான் மூடிக்கொள்ளும். "வளைவே தெரியல" என்றார். "சிவப்பா ஏதோ தெரிஞ்சுது. அப்புறம் மணல்தான்."

"வெளிய வெச்சா நான் தொடச்சிடறேன்னு அம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு" என்றும் சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதே ஆவடிக்குக் கிளம்பிப் போய் அத்தையை நிற்கவைத்துக் கேட்கப்போகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாங்க."

"சரி, சொல்லல. முதலாளிகிட்டயாவது சொல்லுங்க. நீங்க தப்பு பண்ணலன்னு தெரியணும் இல்ல? சீட்டு போயிடும்."

"ரேஸ் ஓட்டறவன் ஹெல்மெட்டுக்குள்ள அவங்கம்மா குங்குமம் வெச்சாங்கன்னு நான் சொன்னா, கொட்டகை முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பாங்க. ஒரு வாரத்துல அம்மா காதுக்குப் போயிடும்."

அவர் வழி விடவில்லை. எனக்கும் அன்றுதான் அவரைத் தாண்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டால், வேலையாக இருக்கிறேன் என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவேன். பேசினால் கொட்டிவிடுவேன் என்ற பயம்.

ஆயுத பூஜைக்குப் பூந்தமல்லியில் உள்ள அணியின் பட்டறைக்கு எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தையும் வந்திருந்தார். இரண்டு ரேஸ் வண்டிகளுக்கும் மாலை போட்டு, சந்தனம் தெளித்து, ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி எங்களிடம் வந்தார். நல்ல மனிதர்தான், அதை மறுக்கமாட்டேன். என் கணவரின் தோளில் கைவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"நாளைக்கு நான் முடிவு பண்ணணும்ப்பா. கம்ப்யூட்டர் பதிவு முழுக்கப் பாத்தேன். நீ பிரேக்கையே தொடல. உன்ன மாதிரி ஆள் அப்படிப் பண்ண மாட்டான். ஏதாவது இருந்தா இப்பச் சொல்லிடு. நான் நம்பறேன்."

இவ்வளவு நல்லபடியாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். என் கணவர் பக்கத்தில், கையில் சுண்டல் தொன்னையோடு அத்தை நின்றிருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். கவனம் சிதறிடுச்சு" என்றார் என் கணவர்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க சார், அவன் அப்படிப்பட்ட பிள்ள இல்ல. வண்டியிலதான் ஏதோ கோளாறு இருந்திருக்கும். பிரேக்கு புடிக்காமப் போயிருக்கும், நல்லாப் பாருங்க சார்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

பொரி கொடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை நின்றுவிட்டது. பட்டறையில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொரித் தட்டைக் கீழே வைத்தார். என் கணவரை மட்டும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என் கணவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"வண்டி நல்லா இருந்துது சார்" என்று இந்தத் தடவை சத்தமாகச் சொன்னார். "பிரேக்கு நல்லா இருந்துது. இவர் வேலைல ஒரு குறையும் இல்ல. நான்தான் பிரேக் அடிக்கல. முழுக்க என் தப்பு."

முதலாளி தோளிலிருந்து கையை எடுத்து, "சரிப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மறுநாள் தொலைபேசி வந்தபோது அவர் பால்கனியில் நின்று, சரிங்க சார், புரியுது சார் என்று மட்டும் பேசினார். சீட் அந்தப் பையனுக்குப் போயிற்று. நான் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஆவடியிலிருந்து பஸ் மாறிக் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனுக்குப் பிடித்த அதிரசம் கொண்டுவந்திருந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நான் வெக்கற பொட்டு ட்ராக்குல உன் ஹெல்மெட்டுல இருக்கறதே இல்ல. ஃபோன்ல வர்ற ரேஸப் பாத்துத்தான் தெரிஞ்சுது. அதான் அன்னைக்கு யாருக்கும் தெரியாம உள்ள வெச்சேன். அவ்ளோ வேகத்துல மண்ணுக்குள்ள போயும் ஒரு கீறல் இல்லாம என் பிள்ள வந்துச்சுன்னா, அதனாலதான். இந்தப் புத்தி எனக்கு வருஷ ஆரம்பத்துலயே வந்திருந்தா உன் சீட்டும் போயிருக்காது. எல்லாம் என் தப்புதாண்டா."

அத்தை அழுதார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாளாகச் சேர்த்துவைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. என் கணவர் எழுந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்னம்மா பண்ணுவ? உன் மேல தப்பே இல்ல" என்றார்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனசு கொஞ்சம் ஆறினாற்போல் தெரிந்தது. "அடுத்த வருஷம் நீ யாரு வண்டிய ஓட்டினாலும் சரி, மொத ரேஸ்லயிருந்தே உள்ள வெச்சுடறேன். நீ தொடைக்கக் கூடாது" என்றார்.

"தொடைக்கல மா" என்றார் அவர்.

அடுத்த வருடம் ஓட்ட அவருக்கு எந்த வண்டியும் இல்லை.