பாடையிலிருந்து எழாதவன்

பேச வேண்டாம், படுத்திருந்தால் போதும் என்றார்கள். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணப் போட்டோவில்கூட நான் பந்தல்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் செய்தி அலுவலகம் ஒன்று இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. அச்சடித்த பேப்பர் எதுவும் கிடையாது. எல்லாம் போனில் பார்ப்பதுதான். அங்கே பெருக்கித் துடைப்பது, டீ வாங்கி வருவது, தண்ணீர் கேன் மாற்றுவது என் வேலை. அதை நடத்தியவர் ஒரு பெண். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். ஆறு வருடம் அங்கே இருந்தேன். ஒருநாள்கூட அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

என் வீடு சைதாப்பேட்டையில், ஆற்றங்கரையில். மழை கொட்டினால் ஆறு வீட்டுக்குள் வரும், வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி அடுப்பு மூட்டுவோம். தை மாதக் கடைசியில் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லோரும் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்று இருந்தது. எங்கள் ஜனம் அதை மறுக்கக்கூட இல்லை. கேட்டது ஒன்றுதான். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், அதுவரை விடுங்கள். என் மகள் அந்த வருடம் பன்னிரண்டாவது. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்.

எங்களுக்கு முன்னால் வேறொரு கரையில் இதே மாதிரி இடிக்க வந்தபோது இணையத்தளத்தில் மேடம் நடத்திய பக்கத்தில் நேரலையாகக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பலபேர். கேள்வி கேட்டவர்களும் சிலர் இருந்தார்கள். வந்த வண்டி அன்றைக்குத் திரும்பிப் போனது, அந்த ஜனத்துக்கு மூன்று மாதம் கிடைத்தது. அதனால் மேடத்திடம் சொல்லச் சொல்லி எங்கள் தெருவே என்னைச் சுற்றிக்கொண்டது. நான் போய்ச் சொல்லவேண்டியதாகவும் இல்லை. மேடமே ஒருநாள் டீயை வாங்கிக்கொண்டு, "அண்ணா, உங்க ஏரியாவுக்கும் நோட்டீஸ் வந்திருக்காமே. ஏன் சொல்லல?" என்றார். நான் தம்ளர்களை அடுக்கினேன்.

தெருவில் ஒரு ஆட்டோக்காரர் இருந்தார், வாய்க்காரர். சாவு வீடுகளில் பாடை கட்டுவதும் அவர்தான். சும்மா ரோட்டில் உட்கார்ந்தால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், பாடை கட்டித் தூக்குவோம், கடைசியில் பிணம் எழுந்து உட்கார வேண்டும், "நாங்க இன்னும் சாவல" என்று எல்லோரும் கத்த வேண்டும் என்று அவர்தான் திட்டம் போட்டார். பிணத்துக்கு ஆள் தேடினார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"நைனா, நீ ஒண்ணும் பேச வேணாம். படு, அவ்ளோதான். இந்த ஏரியாவுலயே உன்ன மாதிரி அமைதியான பொணம் கிடைக்காது" என்றார் ஆட்டோக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "நெத்தில காசு வெக்கக் கூடாது. கால் கட்டக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது மெய்யான சாவுக்குச் செய்வது, விளையாட்டில்லை என்பது அவள் எண்ணம்.

மறுநாள் காலை தெருமுனையில் பாடை தயாராக இருந்தது. மூங்கில், தென்னங்கீற்று, சாமந்தி மாலை. மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் படுத்தேன். ஆட்டோக்காரர் கைவழக்கத்தில் வெள்ளைத்துணி கிழித்து என் கால்விரல்களைக் கட்டிவிட்டார்.

"யோவ், வேணாம்னு சொன்னேன்ல" என்றாள் என் மனைவி.

"இன்னா அண்ணி, கட்டலன்னா பொணம் எழுந்து டீ குடிக்கப் பூடும். கடைசில அவுத்துடறேன்."

மேளம் அடித்தது. தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். முதலில் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி குரல் தனியாகக் கேட்டது. கால்கட்டைப் பார்த்த பயமோ, வீடு போகிற துக்கமோ, மெய்யாகவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என் மேல் பொரி விழுந்தது. மேடத்தின் கேமரா பக்கத்திலேயே வந்துகொண்டிருப்பது மூடிய கண்ணுக்குள்ளும் எனக்குத் தெரிந்தது.

பெரிய ரோட்டில் இறக்கினார்கள். "எழுந்திரு நைனா" என்று காதருகில் குரல் வந்தது. கண்ணை லேசாகத் திறந்தேன். நூறு முகம், நடுவில் கேமராவின் கண்ணாடி. கால்கட்டை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டோடாவது எழுந்து உட்கார்ந்திருக்கலாம், விரலைத்தானே கட்டியிருந்தது. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்கள் ரோட்டை விடச்சொல்லி நெருங்கினார்கள். சரி போகலாம் என்று தூக்கிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார்கள். அங்கே, யாரும் இல்லாத இடத்தில்தான் எழுந்தேன்.

"பொணத்துக்கு வெக்கத்த பாரு" என்று முதுகில் தட்டினார் ஆட்டோக்காரர். அப்போது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

மேடம் அன்று மதியம் அந்தப் படத்தைப் போட்டார். இது போராட்டம் என்று கீழே தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் யாரோ அதிலிருந்து என்னைக் காட்டும் கொஞ்சநேரத் துண்டை மட்டும் வெட்டி, எழுத்தை எல்லாம் நீக்கிவிட்டு, வீடு இடிப்பில் ஒருவர் அடித்துக் கொலை என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அது ஊரெல்லாம் சுற்றியது. என் மச்சான் திண்டிவனத்திலிருந்து அழுதுகொண்டே போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "இல்ல, இருக்கேன்" என்றேன்.

அன்று மாலையே மேடத்தின் பக்கத்தை அந்த இணையத்தளத்தை நடத்தும் கம்பெனிக்காரர்கள் பூட்டிவிட்டார்கள். தவறான தகவல் பரப்பியதாக எழுதியிருந்தது. முன்பு ஒருமுறை வெள்ளத்தில் ஒதுங்கிய பிணத்தைக் காட்டியதற்கு ஏற்கெனவே எச்சரிக்கை இருந்ததாம், அதையும் இதையும் சேர்த்துப் பூட்டு. வெட்டி ஒட்டியவனின் துண்டு மட்டும் வேறு வேறு பேரில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் கீழே, கால் கட்டியிருக்கிறது பார், மெய்யான பிணம்தான் என்று ஒருவர் விளக்கமும் எழுதியிருந்தார்.

அலுவலகத்துக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்தபோது மேடம் மேலே வந்தார். வீட்டுக்காரர் அவரை வழிமறித்தார்.

"கேள்விப்பட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. பொய்யை எடுத்தா அது தணிக்கையா? நேத்து என் அக்கா பிள்ளை போன்ல அனுப்பறான், சைதாப்பேட்டையில ஒருத்தன் செத்துட்டான்னு. அவன் நம்மாத்து மாடிப்படியைப் பெருக்கிண்டு நிக்கறான்."

"பொய் சொன்னவன் பேஜ் இன்னும் இருக்கு சார். எங்க பேஜ்தான் இல்ல."

"அதுக்காக எவனும் எதையும் எடுக்கவே கூடாதுங்கறேளா?"

"எடுக்கட்டும். எடுக்கறதுக்கு முன்னாடி தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் எங்ககிட்ட கேக்கட்டும். யாரு எடுத்தாங்கன்னே தெரியாம யார்கிட்ட சார் நான் பேசறது? அரசாங்கம்னா கோர்ட்டுக்காவது போவேன்."

"அவாளோட இடம். அவா வெச்சது சட்டம். நீங்க குடக்கூலிக்கு இருக்கேள், என்னோட மாடியில இருக்கற மாதிரி."

"நீங்க காலி பண்ணுன்னா முகத்தைப் பாத்துச் சொல்வீங்கல்ல சார்."

சார் என்னைப் பார்த்து, "ஏம்பா, நீயே சொல்லேன். செத்தவன் நீதானே" என்றார்.

நான் துடைப்பத்தைப் பார்த்தேன். சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. சில வருடம் முன்பு பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று போனில் ஒரு படம் வந்து, எங்கள் ஸ்டேஷன் பக்கம் போர்வை விற்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவரை ஜனம் அடித்தது. அவர் காதிலிருந்து ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். அந்தப் படத்தை யாராவது அப்போதே போனிலிருந்து எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் எடுக்கவில்லை. ஆகையால் பொய்யை எடுக்க வேண்டும் என்று சார் சொல்வது சரிதான். எடுத்தது பொய்யை அல்ல என்று மேடம் சொல்வதும் சரிதான். இவ்வளவும் மனதில் ஓடியது, வாயில் ஒன்றும் வரவில்லை. சார் நல்லவர். அன்றே மேடத்துக்காக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் வரவில்லை.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அண்ணா, நீங்க ஒரு நிமிஷம் பேசினா போதும். அன்னிக்கிப் படுத்தது நான்தான், அது போராட்டம், உயிரோட இருக்கேன். கையில ஆதார் கார்டைப் பிடிச்சுக்குங்க. இதை அனுப்பினா பேஜ் திரும்ப வரலாம். இடிக்க வர்றதுக்குள்ள வந்தாகணும்."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் "அன்னைக்கு" என்றேன். அதற்குமேல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார். மறுபடி எரிந்தது. எட்டுத் தரம் முயன்றோம். வியர்வையில் ஆதார் கார்டு கையில் வழுக்கியது. பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. காய்ச்சல் இல்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் சும்மா சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாலு வார்த்தைக்கு இன்னாயா பயம்? அது படிக்கிறத பாரு. உன்னைய நம்பித்தான் உக்காந்துகினு கீது" என்றாள். மகள் சுவரைப் பார்த்துப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போய்ப் பேசிவிட்டேன். மேடம் அறையை விட்டு எல்லோரையும் வெளியே அனுப்பி, கேமராவை ஓடவிட்டு, தானும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெறும் சுவரிடம் பேசுவதாக நினைத்துப் பேசினேன். "நான் சாகல. வெக்கத்துல எழுந்திருக்கல" என்றேன். அனுப்பினார்கள். பரிசீலனையில் இருப்பதாகத் திரையில் வந்தது. தினமும் காலையில் கம்ப்யூட்டர்களைத் துடைக்கும்போது அந்த வரியைக் கூட்டிப் படிப்பேன். மாறவே இல்லை.

நாலாம் நாள் வண்டிகள் வந்தன. மேடம் கேமராவோடு வந்தார். புதிதாக ஒரு பக்கம் தொடங்கி அதில் நேரலை போட்டார். பார்த்தவர்கள் எங்கள் தெரு ஆட்களே, தங்கள் வீடு இடிவதைத் தாங்களே போனில் பார்த்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து மேடத்திடம், "உங்க சேனலைத்தான் பொய்யுன்னு மூடிட்டாங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மகள் புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினாள்.

புது இடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பரீட்சைகளுக்கு எப்படியோ போய்விட்டாள். வேதியியல் அன்று பஸ் வரவே இல்லை. ஷேர் ஆட்டோவில் அழைத்துப்போனேன். போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றவரிடம் நான் பேசவேண்டும். பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

மேடத்தின் பக்கம் அதற்கு அடுத்த வாரம் திரும்ப வந்தது. மறுபடி பார்த்தோம், விதிமீறல் எதுவும் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்ததை மேடம் படித்துக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முன்பு பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட அதற்குப் பிறகு வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே மாடியைக் காலி செய்தார். நான் இப்போது வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடியில் கேட் திறந்துவிடுகிறேன். அதிகம் பேச வேண்டியதில்லை. மகள் தி.நகரில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். தனித்தேர்வு எழுதலாம் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றாள். இரண்டு தடவை தேதி போய்விட்டது.

அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கீழே ஆழ்ந்த இரங்கல் என்று இப்போதும் யாராவது எழுதுகிறார்கள். போன ஞாயிறு மகளின் போனில் அது ஓடும் சத்தம் கேட்டது, மேளமும் அவள் அம்மாவின் அழுகையும். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அன்னிக்கு நானும் கூட்டத்துலதான் நின்னுகினு இருந்தேன்பா" என்றாள். "நீ கண்ணத் தொறந்தத நான் பாத்தேன்."