நூற்றுப் பதினேழாம் பக்கம்

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னால், பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு புத்தகம் தானாகத் திறந்துகொண்டதைப் பார்த்தேன்.

காற்று இல்லை. கரண்ட் இல்லை, அதனால் ஃபேனும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஓர் இலையைக்கூட அசைக்காமல் நின்றன. மேசைமேல் கிடந்த புத்தகத்தின் அட்டை மெல்ல எழுந்தது... உள்ளே படுத்திருந்த யாரோ முழங்கையை ஊன்றி எழுந்திருப்பதைப்போல. பக்கங்கள் சரிந்தன. நின்றன.

நூற்றுப் பதினேழு.

"பாத்தியளா அக்கா? இனி மூடி வைங்க. மறுபடியும் அங்கேதான் போய் நிக்கும்" என்றாள் ஷைனி.

மூடினேன். கையை எடுத்தேன்.

நூற்றுப் பதினேழு.

ஷைனி என் பக்கத்து வீட்டுக்காரி. பாறசாலையில் அங்கன்வாடி டீச்சர். வயது நாற்பத்திரண்டு. ஆறு வருஷமாகத் தபாலில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள். இப்போது தபாலும் இல்லை, தபால்காரரும் இல்லை, ஆப், ஓ.டி.பி., ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் 'தபால்ல படிக்கிறா' என்றுதான் இன்னும் சொல்வோம்.

எல்லா பேப்பரும் பாஸ். ஒன்றே ஒன்று பாக்கி. மக்கள்தொகையியல். மூன்று முறை ஃபீஸ் கட்டினாள். மூன்று முறையும் பரீட்சைக்குப் போகவில்லை. இந்தத் தடவையும் போகாவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதி. பாஸான பேப்பர்களும் கூடவே செத்துப்போகும். டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதலாம். அதற்கும் வயது வரம்பு உண்டு. இந்த வருஷம் விட்டால் அவள் ஓய்வுபெறும்வரை கஞ்சியும் பயறும் அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கு அப்போது இருந்தது பதிமூன்று நாள்.

ஷைனியின் கணவர் ராஜன் ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் நின்றபடியே சிரித்தார். "ஏட்டி, படிக்காம இருக்கியதுக்கு ஒரு பேயையும் துணைக்குப் பிடிச்சிட்டியா? நல்ல பேயாக்கும்! பேஜ் நம்பரெல்லாம் தெரியுதே."

"உங்களுக்கு எல்லாம் தமாசு. ராத்திரி தனியே அதைத் தொட்டுப் பாருங்க, அப்பம் தெரியும்."

"எனக்கு என்னத்துக்கு? நான் பத்தாங் கிளாஸ் தோத்தவன். என்கிட்ட பேய் வராது."

சிரித்தோம். ஆனால் யாரும் புத்தகத்தைத் தொடவில்லை.

அந்தப் புத்தகம் ஷைனிக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், பூசணி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். பக்கத்து இந்து வீட்டுக்காரர்களும் வந்து போட்டிபோட்டு எடுப்பார்கள்; காணிக்கைப் பொருள் வீட்டுக்கு நல்லது என்றொரு நம்பிக்கை.

அப்படியோர் ஏலத்தில், பூசணிக்கும் முட்டைக்கும் நடுவில், இந்தப் புத்தகம் இருந்திருக்கிறது.

யார் காணிக்கை வைத்தது? படிப்பைப் பாதியில் விட்ட ஒருத்தி. புத்தகத்தைத் தூக்கிப் போட மனம் வராது. எடைக்குப் போடவும் கூசும். கடவுளிடம் கொடுத்துவிட்டால் குற்றம் தீர்ந்தது! காணிக்கைப் பொருளாயிற்றே, ராசியாக இருக்கும் என்று அதை இன்னொருத்தி ஏலத்தில் எடுக்கிறாள். அவளும் விடுகிறாள். அவளும் காணிக்கை வைக்கிறாள்... இப்படியே நான்கு பேர்; ஐந்தாவதாக ஷைனி எடுத்திருக்கிறாள். முன்னட்டையின் உள்பக்கத்தில் நான்கு கையெழுத்துகள். லலிதா. மேரி புஷ்பம். ஜெயந்தி. அம்பிகா.

பாடம் ஆங்கிலத்தில். ஆனால் ஓரம் முழுக்கப் பென்சிலில் தமிழ் — முதலாவது பெண் லலிதாவின் கை. சின்னச் சின்ன, நிமிர்ந்த எழுத்து. கடினமான வரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். 'பயப்படாதே, பிறப்பு விகிதம் என்றால் இவ்வளவுதான்.' 'இதை விட்டுவிடு, பரீட்சைக்கு வராது.' 'கண் எரிந்தால் முகம் கழுவிவிட்டு வா.'

யாரிடம் பேசினாள்? தன்னிடமா? இல்லை, பின்னால் வரப்போகிறவளிடமா? லலிதா யார், எங்கே இருக்கிறாள் என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. படிக்கப் படிக்க என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

நூற்றுப் பதினேழில் அந்தக் கை நின்றுவிடுகிறது. கடைசிக் குறிப்பு இரண்டே சொல். 'இனி நாளைக்கு.'

அதற்கு அப்பால் பென்சில் இல்லை. அப்பால் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பின்பக்கங்கள் மழைக்காலத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நான்கு பேர் வருஷக்கணக்காக அந்த ஓர் இடத்திலேயே விரித்து அழுத்தி உட்கார்ந்ததில் புத்தகத்தின் முதுகு அங்கே முறிந்துவிட்டது. புத்தகம் தானாகத் திறந்ததற்குக் காரணம் அதுதான். பேய் இல்லை. நிம்மதி... இல்லையா?

இல்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன்.

ஆயுள் அட்டவணை. மக்கள்தொகை படிப்பவர்கள் போடும் ஒரு கணக்கு. முதல் வரிசையில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அடுத்த வரிசையில் கொஞ்சம் குறைவு. ஐந்தைந்து வயதாகக் கீழே இறங்க இறங்க ஆட்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வருகிறார்கள். அழுகை இல்லை, சாவுமணி இல்லை. எண்கள் மட்டும். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்தில், அந்தந்த வயதுக்காரருக்குச் சராசரியாக இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பது.

நான்கு வரிசைகளைச் சுற்றி நான்கு வட்டம். ஒவ்வொருத்தியும் தன் வயதைத் தேடி வட்டம் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு, புத்தகத்தை மூடியிருக்கிறாள்.

ஐந்தாவதாக, புதுப் பென்சிலில் ஒன்று. ஷைனி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆமா. எனக்க வரிசையாக்கும்."

மரண பயம் என்று முடிவுகட்டினேன். எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட முடிவுகள் ரொம்பப் பிடிக்கும்.

ஷைனிக்கு அது போதவில்லை. மறுநாள் அங்கன்வாடி விட்டதும், சபையில் விசாரித்து, நான்காவது கையெழுத்துக்காரி அம்பிகாவைத் தேடி ராஜனின் ஆட்டோவில் கிளம்பினோம். பூவாரில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. படகுத்துறையில் நின்று பேசினோம். எதிரே நெய்யாறு கடலுக்குள் போகாமல் மணல்திட்டுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தது. படகுகள் கட்டிப் போட்டிருந்தன. அந்த நேரத்தில் அங்கே சத்தம் என்று எதுவுமே இல்லை.

"அந்தப் புஸ்தகமா? இன்னும் சுத்துதா அது!" என்று சிரித்தாள் அம்பிகா.

"சேச்சி, நீங்க ஏன் விட்டிய? அந்தக் கட்டத்தைப் பாத்து பேடியாயிருந்துதா, பயம் வந்துதா?"

"பேடியா? எதுக்கு பேடி? எனக்க வயசுக்கு நேரே முப்பத்தஞ்சோ என்னவோ பாக்கின்னு போட்டிருந்துது மக்கா. ஆகா, இவ்வளவு உண்டே, பின்னே என்னத்துக்கு இந்த ஓட்டம்? பிள்ளைக்க பரீட்சை முடியட்டும், நாத்தனாருக்க கல்யாணம் முடியட்டும்... நாளைக்கு எடுக்கலாம்னு மூடினேன். அவ்வளவுதான்."

ஷைனி தண்ணீரைப் பார்த்தபடி, "நானும் அப்படித்தான் மூடினேன் சேச்சி" என்றாள்.

என் முடிவு அங்கேயே தண்ணீரில் விழுந்தது.

"மேரி புஷ்பத்துக்கும் அப்படித்தான்" என்றாள் அம்பிகா. சிரிப்பு போயிருந்தது. "எங்க வீட்டுக்கு அடுத்த வீடாக்கும் அவ. அவளுக்கு என்னைவிட நாலஞ்சு வருஷம் கூட போட்டிருந்துது. எங்கிட்ட காட்டினா, பாரு அம்பிகா, நிறைய கிடக்குன்னு. அடுத்த வருஷமே போயிட்டா."

படகு ஒன்று, கட்டியிருந்த கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அடங்கியது. ஒரு லட்சம் பேருக்குப் போட்ட கணக்கை நாம் ஒவ்வொருவரும் நமக்கு வந்த கடிதம்போலப் படித்திருக்கிறோம். அந்த அட்டவணைக்கு மேரி புஷ்பத்தைத் தெரியாது. என்னைத் தெரியாது. உங்களையும்தான். மனிதனை நிறுத்துவது சாவு வரும் என்ற பயம் என்று நினைத்தேனே... நிறைய பாக்கி இருக்கிறது என்ற நிம்மதிதான் நிறுத்துகிறது. இதைவிட அமைதியாகக் கொல்கிற விஷம் உண்டா?



திரும்பி வந்து வீட்டுக்குள் போனதும் ஷைனி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்துவந்து, விளிம்பை ஒட்டிப்போன பக்கங்களுக்கு நடுவில் கொடுத்தாள். பசை விடுகிற ஓசை. இத்தனை வருஷம் மூடிக் கிடந்த ஓர் அறையின் வாடை வந்தது. நூற்றுப் பதினெட்டு. ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளை. கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் விட்டுவிட்டுப் போன இடம்.

"இனி யாரும் சொல்லித் தரமாட்டா, இல்லியா அக்கா?"

"எனக்குக் கணக்கு வராது ஷைனி."

"தெரியும்" என்றாள். பென்சிலைச் சீவ உட்கார்ந்தாள்.

அதன்பின் பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் குக்கர் சத்தமே குறைந்துபோனது. ராஜன் ஓட்டலில் புட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "பேய் போச்சு, இப்பம் சோறும் போச்சு" என்று என் காதுபடப் புலம்பினார். ஆனால் ஒருநாளும் அவளை எழுப்பவில்லை.

போன சனிக்கிழமை பரீட்சை. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடம். துணைக்கு நானும் போனேன். பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தாடி, யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி, நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி. பள்ளிக்கூடம் நிறைய ஆள், ஆனால் மூச்சுச் சத்தம் இல்லை. வெளியே மூன்று மணிநேரம் நின்றேன். எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று ஜன்னல்வழியே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்... வேறென்ன செய்ய?

வெளியே வந்தவளின் கையெல்லாம் மை.

"ஆயுள் அட்டவணை வந்துது அக்கா. பாதிக் கட்டத்தைத் தந்து மிச்சத்தை நிரப்பச் சொல்லியிருந்தது. நாப்பது–நாப்பத்தஞ்சும் உண்டு, எனக்க வரிசை. அதுக்க மேலே ஹால் டிக்கெட்டை வச்சி மூடிட்டாக்கும் மத்ததை எழுதினேன். அதைக் கடைசியா நிரப்பினேன்."

"ஏன்? பயமா?"

"பயம் ஒண்ணும் இல்ல. அதைப் பாத்தா நேரம் நிறைய கிடக்குன்னு தோணிரும். பத்து நிமிஷம்தான் பாக்கி இருந்துது."

பாஸா, ஃபெயிலா... இனிமேல்தான் தெரியும். ஆனால் ஒன்று: பரீட்சை அறையில் மட்டும்தான், மணி எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்.